ரேக்ளா காளையை ஏரில் பூட்டலாமா?

வாசகர் கேள்வி: காங்கயம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வயது 26. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, தினமும் போகவர 55 கிலோமீட்டர். போன வருடம் கோயம்புத்தூர் செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் நண்பன் வண்டி ஓட்டியதைப் பார்த்ததிலிருந்து சூப்பர்மோட்டோ (மண் ரேஸ் வண்டிக்கு 17 இன்ச் ரோட்டு டயர் போட்டது) பைத்தியம் பிடித்துவிட்டது. தினசரி ரோட்டுக்கும், வருடத்துக்கு நாலைந்து முறை டிராக்குக்கும் ஒரே வண்டி வேண்டும். கையில் நாலு லட்சம் இருக்கிறது. மனதில் மூன்று வண்டிகள். பெங்களூரில் ஒருவர் விற்கும் 450 சிசி வெளிநாட்டு சூப்பர்மோட்டோ (செகண்ட் ஹேண்ட், 3.5 லட்சம்). அல்லது கேடிஎம் 390 எண்டூரோ ஆர் வாங்கி 17 இன்ச் வீல் மாற்றிக்கொள்வது. அல்லது ஹீரோ எக்ஸ்பல்ஸ் வாங்கி அதையே செய்வது. எதுங்ணா நம்பி வாங்கலாம்? அப்பா டிவிஎஸ் எக்ஸெல்லைத் தவிர வேறு எதையும் வண்டி என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். என் உயரம் 5 அடி 6 அங்குலம்.

பதில்: தம்பி, முதலில் உங்கள் அப்பா பக்கம் நின்று ஒரு வார்த்தை. எக்ஸெல் ஏன் கெடுவதில்லை? அந்த என்ஜினிடம் யாரும் பெரிதாக எதையும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் மெதுவாக இழுக்கிற வேலை. கெட்டாலும் ஊதியூரில் நிற்கிற பட்டறைக்காரர்கூட அரை மணி நேரத்தில் பிரித்துப் போட்டுவிடுவார், பாகம் பக்கத்துக் கடையில் தொங்கும். என்ஜினைப் பிழியாமல் இருப்பது, பாகம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. வண்டியில் நம்பகம் என்று நான் சொல்வது இந்த இரண்டையும்தான். டாங்கியில் ஒட்டியிருக்கும் பெயர் அப்புறம்.

இப்போது அந்த 450. காங்கயத்துக்காரரிடம் மாடு பற்றிப் பேசுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான், இருந்தாலும் கேட்கிறேன். ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்கென்று பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் கொடுத்து வளர்த்த காளையை யாராவது தினமும் ஏரில் பூட்டுவார்களா? 200 மீட்டர், 300 மீட்டர் பாய்வதற்கு வளர்த்த காளை அது. ரேஸுக்கென்று செய்த 450 சிசி சூப்பர்மோட்டோவும் அதே சாதி. மோட்டோகிராஸ் (மண் பாதை ரேஸ்) என்ஜின், சின்ன ஆயில் கொள்ளளவு, எடையைக் குறைக்க இழைத்து இழைத்துச் செய்த பிஸ்டன். அதன் கையேட்டில் சர்வீஸ் கணக்கு கிலோமீட்டரில் இருக்காது, மணியில் இருக்கும். பத்துப் பதினைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். வால்வ் டேப்பெட் இடைவெளி, பிஸ்டன், கனெக்டிங் ராடு எல்லாவற்றுக்கும் மணிக்கணக்கு உண்டு. நீங்கள் திருப்பூர் போய்வர ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் பத்து நாளுக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டியிருக்கும். வருடம் முடிவதற்குள் பிஸ்டன் செலவு வந்து நிற்கும்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஈரோட்டுத் தம்பி ஒருவர் இப்படி ஒரு வண்டியை என் பட்டறைக்குக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்தார். எந்த கம்பெனி என்பது வேண்டாம், தப்பு கம்பெனியுடையது இல்லை. "ஆயில் 3,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்தினேனுங்ணா" என்றார், பெருமையாக. ஹெட்டைத் திறந்தால் கேம்ஷாஃப்ட் வாய்க்கால் வெட்டின மாதிரி தேய்ந்திருந்தது. பாகம் வர மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் அவர் ஆபீஸுக்கு பஸ்ஸில் போனார். உங்களுக்கு வந்திருக்கும் 3.5 லட்சம் விலை எனக்கு இன்னொரு விதத்திலும் உறுத்துகிறது. ரேஸ் வண்டிகள் பல ரோட்டுப் பதிவுக்கே தகுதி இல்லாதவை. ஆர்.சி. காட்டினாலும் பதிவு எண்ணைப் பரிவாகன் என்கிற அரசு வாகனத் தளத்தில் போட்டு, வண்டியின் மாடல் பெயர், சிசி, என்ஜின் நம்பர் மூன்றும் பொருந்துகிறதா பாருங்கள். வேறு வண்டியின் ஆர்.சி.யில் ஓடுகிறது என்று தெரிந்தால் அடுத்த போன் பேசாதீர்கள்.

சூப்பர்மோட்டோ என்றாலே இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த விளையாட்டே 1979-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகப் பிறந்தது. ரோடு ரேஸ் ஆள், மண் ஓவல் ஆள், மோட்டோகிராஸ் ஆள், மூவரில் யார் பெரியவர் என்று பார்க்கத் தார் ரோடும் மண்ணும் கலந்த ஒரு பாதையில் மூவரையும் ஓடவிட்டார்கள். அங்கிருந்து பிரான்சுக்குப் போய், மண் வண்டிக்கு 17 இன்ச் ரோட்டு டயரும் பெரிய முன் டிஸ்க்கும் போட்ட தனி இனமாகவே வளர்ந்தது. அதில் ரோட்டுக்கென்று நிதானமாகக் கட்டிய வண்டிகளும் உண்டு. சுசுகியின் டிஆர்-இசட்400எஸ்எம் 2005-ல் வந்தது. 398 சிசி, ஐந்தே கியர், கார்புரேட்டர். இருபது வருடம் கிட்டத்தட்ட மாற்றமே இல்லாமல் விற்றார்கள், கெடாத வண்டி என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. ஆனால் நம் நாட்டில் அதை விற்கவே இல்லை. கேடிஎம் 690 எஸ்எம்சி ஆர் பெரிய ஒற்றை சிலிண்டர்தான், ஆனாலும் சர்வீஸ் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. டுகாட்டி ஹைப்பர்மோட்டார்ட் 698 மோனோவுக்கு வால்வ் சோதனை 30,000 கிலோமீட்டரில்தான். அது 2024-ல் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலை 16.5 லட்சம். சீட் உயரம் 904 மில்லிமீட்டர், சிக்னலில் நிற்க உங்களுக்கு ஒரு ஸ்டூல் வேண்டும். இவற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்த சூப்பர்மோட்டோவைப் பார்த்தாலும் முதலில் இதற்கு சர்வீஸ் மணியிலா கிலோமீட்டரிலா என்று கேளுங்கள். மணி என்று பதில் வந்தால் அது உங்கள் வண்டி இல்லை.

மிச்சம் இருப்பது நம் ஊர் வண்டியை மாற்றுவது. உங்கள் இரண்டாவது, மூன்றாவது யோசனை இரண்டும் இதில் அடங்கும். பெரும்பாலானவர்கள் இதை ஏதோ அலாய் வீல் மாற்றுகிற மாதிரி நினைக்கிறார்கள். எக்ஸ்பல்ஸ் 200-ஐ வைத்தே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அதன் முன் டயர் 90/90-21. அதை எடுத்துவிட்டு 110/70-17 போட்டால் டயரின் விட்டம் ஏறத்தாழ 695 மில்லிமீட்டரிலிருந்து 586-க்கு இறங்குகிறது. பின்னால் 120/80-18 இருந்த இடத்தில் 130/70-17 போட்டால் 649-லிருந்து 614. ஆக்சில் நிற்கும் உயரம் விட்டத்தில் பாதி என்பதால், வண்டியின் மூக்கு 55 மில்லிமீட்டர் இறங்குகிறது, வால் 18 மட்டும் இறங்குகிறது. ஆக, பின்னால் இருப்பதைவிட முன்னால் 37 மில்லிமீட்டர் அதிகமாகக் குனிந்து நிற்கும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் செங்குத்தாகும், ஹேண்டில் சுருக்கென்று திரும்பும். டிராக்கின் குறுகலான வளைவில் அது சுகம். தாராபுரம் ரோட்டில் 90-ல் போகும்போது லாரி காற்று அடித்தால் ஹேண்டில் உதறும். இதைச் சரிக்கட்ட ஃபோர்க்கை கிளாம்பில் எவ்வளவு கீழே விட முடியுமோ அவ்வளவு விட வேண்டும், பின் ஷாக்கைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். முழுசாகச் சரியாகாது, ஓட்டுகிற அளவுக்கு வரும்.

அடுத்தது மீட்டர். முன் சக்கரத்திலிருந்து வேகம் எடுக்கிற வண்டியாக இருந்தால், நிஜமாக 50-ல் போகும்போது மீட்டர் 59 காட்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏற்பாடு. இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உள்ள எண்டூரோ ஆர் போன்ற வண்டியில் கம்ப்யூட்டர் எப்போதும் முன், பின் சக்கர வேகத்தை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு டயரும் வேறு வேறு விகிதத்தில் சிறுத்துவிட்டால், நேராகப் போகும்போதே முன் சக்கரம் பின்னதைவிட வேகமாகச் சுற்றுவதாக அதற்குத் தெரியும். விளக்கு எரியும், சில நேரம் ஏபிஎஸ்ஸே வேலை செய்யாது. எக்ஸ்பல்ஸ் 200-ல் ஏபிஎஸ் முன்னால் மட்டும்தான், அந்த விதத்தில் குழப்பம் குறைவு.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் ஒரு வண்டிக்கு 17 இன்ச் பின் வீல் கட்டியபோது, ஹப்பின் ஒரு பக்கத்து ஸ்பேசரை மூன்று மில்லிமீட்டர் தடிப்பாகக் கடைசல் போட்டுவிட்டேன். கண்ணுக்குத் தெரியவில்லை. ஸ்ப்ராக்கெட் இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. டிராக்கில் மூன்றாவது ரவுண்டில், வளைவிலிருந்து த்ராட்டில் திறக்கும்போது செயின் கழன்று பின் வீலைப் பூட்டிவிட்டது. ஓட்டியவருக்கு இடுப்பில் சிராய்ப்பு, எனக்கு ஒரு வாரம் தூக்கம் இல்லை. அன்றிலிருந்து எந்த வீல் மாற்றினாலும் நூல் பிடித்துப் பார்க்காமல் வண்டியை வெளியே விடுவதில்லை. உங்களுக்கு வீல் கட்டுபவரும் நூல் பிடிக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். இல்லையென்றால் வேறு பட்டறை பாருங்கள்.

அப்புறம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள உற்பத்தியாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. போலீஸ் பிடிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது டயர் அளவைத்தான். டிராக்கில் விழுந்தால் எப்படியும் இன்சூரன்ஸ் கிடையாது, ரேஸும் வேகச் சோதனையும் சாதாரண பாலிசியில் சேராது. இந்தச் செலவை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பார்த்துவிட்டு உங்களுக்கு நான் சொல்வது: செகண்ட் ஹேண்ட் எக்ஸ்பல்ஸ் 200 4வி (நாலு வால்வ் மாடல்) ஒன்று வாங்குங்கள். வீலை மாற்றாதீர்கள், இன்னொரு ஜோடி வீல் செய்துகொள்ளுங்கள். ரோட்டுக்குக் கம்பெனி வீல், டிராக்குக்கு 17 இன்ச். அந்த ஜோடிக்குத் தனி ஹப், தனி டிஸ்க், ஏபிஎஸ் வளையம், தனி ஸ்ப்ராக்கெட் எல்லாம் பூட்டி வைத்துவிட்டால், இரண்டு ஆக்சில் போல்ட்டைக் கழற்றி முக்கால் மணி நேரத்தில் மாற்றிவிடலாம். திங்கட்கிழமை காலை வண்டி மறுபடியும் ஆர்.சி.யில் உள்ள வண்டிதான். சக்தி என்று பார்த்தால் 19 குதிரைதான், அதுதான் எனக்குப் பிடித்த விஷயமும். செட்டிபாளையம் டிராக் சுமார் 2.1 கிலோமீட்டர், நேர்ப்பாதையைவிட வளைவு அதிகம். கோயம்புத்தூரில் ஃபார்முலா கார் கட்டி ஓட்டிய கரிவர்தன் பெயரில் 2003-ல் திறந்தது. அங்கே 19 குதிரை வண்டியில் வேகம் வேண்டுமென்றால் வளைவில் வேகத்தைக் காப்பாற்றத் தெரிய வேண்டும். 45 குதிரையில் அந்தத் தப்பை த்ராட்டில் மூடி மறைத்துவிடும், ஓட்டுகிறவருக்குத் தான் தப்புச் செய்கிறோம் என்பதே தெரியாது. காற்றும் ஆயிலும் மட்டுமே குளிர்விக்கிற என்ஜின் என்பதால் ரேடியேட்டர் உடையும் பயமும் இல்லை. சீட் 825 மில்லிமீட்டர், உங்கள் உயரத்துக்குக் கால் எட்டும். ஆயில், கிளட்ச் பிளேட், பிரேக் பேடு எல்லாம் காங்கயத்திலேயே கிடைக்கும். அப்பா கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

எண்டூரோ ஆர் மோசமான வண்டி இல்லை, நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் வந்தபோதே ஷோரூம் விலை 3.37 லட்சம். ரோட்டுக்கு வரும்போது உங்கள் நாலு லட்சமும் அதிலேயே போய்விடும். அந்த செப்டம்பரிலிருந்து 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் வேறு. ஹெல்மெட்டுக்கும் சூட்டுக்கும் எங்கே போவீர்கள்? டிராக்குக்குப் போகிறவர் பணத்தைப் பிரிக்கும்போது முதலில் எடுத்து வைக்க வேண்டியது உடம்புக்கு. முழு முக ஹெல்மெட், லெதர் சூட், முதுகுக் காப்பு, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், கையுறை. இவற்றுக்கு ஒரு லட்சத்தைத் தனியாக எடுத்து அம்மாவிடம் கொடுத்து வையுங்கள், வண்டிக்கடையில் பேரம் பேசும்போது உங்கள் கையில் இருக்கக் கூடாது.

ரோட்டிலேயே தினமும் 17 இன்ச் டயரோடு, வளைவில் சாய்ந்து போகிற சுகம்தான் வேண்டும், உயரமான சீட்டும் நீளமான ஃபோர்க்கும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றால், என் பேச்சை விட்டுவிட்டு 390 டியூக் செகண்ட் ஹேண்டில் பாருங்கள். கம்பெனியிலேயே 17 இன்ச் வீல். பின் சக்கர ஏபிஎஸ்ஸை மட்டும் நிறுத்தி வைக்கிற சூப்பர்மோட்டோ மோடு என்று ஒன்று 2017 மாடலிலிருந்து அதில் இருக்கிறது. எதையும் மாற்ற வேண்டியதில்லை, சட்டமும் பேசாது. சூப்பர்மோட்டோ பிரியர்கள் இதைக் கேட்டால் என்னைத் திட்டுவார்கள். டிராக்கில் ஸ்டாப்வாட்ச் பிடித்துப் பார்த்தால் திட்டு கொஞ்சம் குறையும். ஒன்று மட்டும், அந்த மோடை டிராக்கோடு வைத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரத்தை வழுக்கவிட்டு வளைவுக்குள் நுழைகிற வித்தையை ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவில் பழகுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ரோட்டில் எதிரே பஸ் வரும், வளைவுக்கு வளைவு ஈரமும் மண்ணும் கிடக்கும். பல்லடம் ரோட்டில் கோழி வண்டி சிந்திவிட்டுப் போனதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

டிராக்குக்கு வண்டியை ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். காங்கயத்திலிருந்து பல்லடம் வழியாகப் போய், நாள் முழுக்க வெயிலில் ஓட்டி, களைத்துப்போய் அதே வண்டியில் இருட்டில் திரும்புவது முட்டாள்தனம். நண்பர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு குட்டியானை பிடித்தால் செலவு மூன்றாகப் பிரியும், இரண்டாவது ஜோடி வீலும் அதிலேயே வரும். முந்தின நாள் ஆயில் மாற்றுங்கள். பிரேக் ஆயில் போன வருடத்ததாக இருந்தால் அதையும் மாற்றுங்கள். பழைய பிரேக் ஆயில் ஈரம் குடித்திருக்கும். பத்து ரவுண்டில் கொதித்தால் லீவர் ஹேண்டில் வரைக்கும் வந்துவிடும், வண்டி நிற்காது. ஸ்போக் ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். இறுகியது கணீரென்று சொல்லும், தளர்ந்தது மொத்தென்று சத்தம் தரும். புதிதாகக் கட்டிய வீலில் முதல் டிராக் நாளில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்னொரு முறை தட்டிப் பார்க்க வேண்டும், தளர்வது அப்போதுதான். டயரில் காற்று எவ்வளவு என்பதை அங்கே பயிற்சி தருபவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், சூடான பிறகு அளந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பல்ஸ் பார்க்கப் போகும்போது காலையில் போங்கள், என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். விற்பவர் முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிரில் டேப்பெட் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், சூடானபிறகும் நிற்காமல் கேட்டால்தான் யோசிக்க வேண்டும். காட்டிலும் மலையிலும் குதித்த வண்டியா என்று தெரிய என்ஜினுக்குக் கீழே இருக்கும் தகட்டைக் குனிந்து பாருங்கள். ஃபோர்க் குழாயில் விரல் தடவி எண்ணெய் ஒட்டுகிறதா பாருங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெதுவாக நடுவிலிருந்து இரண்டு பக்கமும் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுகிற மாதிரி இருந்தால் கோன்செட் (ஹேண்டில் பேரிங்) போயிருக்கிறது. அது பெரிய செலவில்லை, விலையில் குறைத்துக் கேளுங்கள். வளைந்த சேஸிஸ் என்று சந்தேகம் வந்தால் மட்டும் பேரமே பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.